ரெக்கார்டு எழுதுவோம்... உண்மையாக!



லேப் என்றால் நமக்கு உற்சாகம். ரெக்கார்டு என்றால் தலைவலி. "சீனியர் நோட்டு இருக்குல்ல, பார்த்து எழுதிடு மச்சி" என்பதே நாம் அறிந்த சுலப வழி. அந்த வழியில் போய் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

மெல்லெஃகுத் தண்டின் இழுவிசைச் சோதனை. விட்டம் 12 மி.மீ., அளவு நீளம் 200 மி.மீ. பளு 5, 10, 15, 20 கிலோ நியூட்டன். டயலில் நான் படித்த நீட்சி முறையே 0.07, 0.11, 0.16, 0.20 மி.மீ. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே யங் குணகம் கண்டு சராசரி எடுத்தேன். சதுர மி.மீ.க்கு 1.57 லட்சம் நியூட்டன் வந்தது. புத்தகத்தில் சுமார் 2 லட்சம். "சோதனை சொதப்பிடுச்சு" என்று பயந்து, சீனியர் நோட்டிலிருந்த அளவுகளை அப்படியே காப்பி அடித்தேன்.

செய்முறைத் தேர்வில் எக்ஸ்டர்னல் ரெக்கார்டைப் புரட்டினார்.

"ஏம்ப்பா, உன் டயலோட லீஸ்ட் கவுண்ட் என்ன?"

"0.01 மி.மீ. சார்."

"அப்ப 0.0884-ன்னு எப்படிப் படிச்சே?"

என்னிடம் பதில் இல்லை. சீனியர் பயன்படுத்திய கருவி வேறு!

அன்றிரவு என் பழைய அப்சர்வேஷன் நோட்டை எடுத்து, அந்த நான்கு அளவுகளுக்கும் கிராப் போட்டேன். நான்கு புள்ளிகளும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் இருந்தன. ஆனால் கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகவில்லை, 0.025 மி.மீ.யில் நீட்சி அச்சை வெட்டியது. தண்டு நேராகி, கருவியின் பிடி சரியாக உட்காரும் வரை வந்த பிழை அது. சராசரியில் அந்தப் பிழை ஒவ்வொரு அளவிலும் கலந்துவிட்டது. சாய்வில் அது கழிந்துவிடும். கோட்டில் பளு 20 கிலோ நியூட்டன் கூடும்போது நீட்சி 0.176 மி.மீ. கூடியது. பரப்பு 113.1 ச.மி.மீ. கணக்கிட்டால் 2.01 லட்சம்! என் சோதனை சரியாகத்தான் இருந்திருக்கிறது. நான்தான் அதை நம்பவில்லை.

நண்பர்களே, இவற்றை மனதில் வையுங்கள்:

1. படித்த அளவை உடனே பேனாவால் எழுதுங்கள். தவறானால் ஒரு கோடு போட்டு அடியுங்கள், ரப்பர் வேண்டாம்.

2. கருவியின் லீஸ்ட் கவுண்டை அட்டவணைக்கு மேலே குறியுங்கள். அதைத் தாண்டிய தசம இலக்கம் அளவில் வரக்கூடாது.

3. அச்சுகளில் பெயரும் அலகும் கட்டாயம். ஸ்கேல் 1, 2, 5 என்ற கணக்கில் இருக்கட்டும். 3, 7 என்று எடுத்தால் படிக்கவே முடியாது.

4. புள்ளிகளைச் சுற்றிச் சிறு வட்டமிடுங்கள். எல்லாவற்றுக்கும் நெருக்கமாக ஒரே கோடு. புள்ளிக்குப் புள்ளி இணைக்காதீர்கள். ஆதிப்புள்ளிக்கு வலிந்து இழுக்காதீர்கள்.

5. சாய்வுக்குக் கோட்டின் மீது தள்ளித் தள்ளி இரண்டு இடங்களை எடுங்கள்.

6. விடை புத்தகத்தோடு ஒத்துப்போகாவிட்டால் மறைக்காதீர்கள். ஏன் என்று இரண்டு வரி எழுதுங்கள்.

நாளை ஒரு தொழிற்சாலையில் நாம் எழுதும் அளவை நம்பி ஒரு கிரேன் பளு தூக்கும். அதன் கீழே ஒரு தொழிலாளி நிற்பார். அங்கே சீனியர் நோட்டு உதவாது. நாம் கண்டதை எழுதுவோம். எழுதியதற்குப் பதில் சொல்வோம்!