கிராம்பு எண்ணெய்: பயனும் பாதுகாப்பும்

கன்னியாகுமரி மாவட்ட மலைத் தோட்டங்களில் விளையும் கிராம்பு 2021ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. உலர்ந்த மொட்டே பெரிதும் விலைபோகிறது. ஆயினும் மொட்டு, காம்பு, இலை ஆகிய மூன்றிலிருந்தும் நீராவியால் எண்ணெய் வடிக்கலாம். நூறு கிலோ மொட்டு ஏறத்தாழ 15 கிலோ எண்ணெய் தரும். அதே அளவு இலை 2 அல்லது 3 கிலோ தரும். எனவே உதிர்ந்த இலையும் வருவாய்க்கு வழியாகும். ஆனால் பச்சை இலையைப் பறித்தால் மொட்டு விளைச்சல் குறையும்.

நீரைவிடக் கனமான இவ்வெண்ணெயின் பெரும்பகுதி யூஜினால் என்னும் சேர்மம் ஆகும். வலியை மரத்துப்போகச் செய்வதும் நுண்ணுயிர்களை ஒடுக்குவதும் அதுவே. பல் மருத்துவர்கள் அதைத் துத்தநாக ஆக்சைடுடன் குழைத்துத் தற்காலிகப் பல்லடைப்பாகப் பயன்படுத்துகின்றனர். பற்பசை, சோப்பு, நறுமணப் பொருள் தொழில்களுக்கும் அது தேவைப்படுகிறது.

நன்மை தரும் அதே பொருள் அளவு மீறினால் தீங்கு விளைவிக்கும். செறிவு குறைக்காத எண்ணெய் ஈறுகளைப் புண்ணாக்கும். உணவுவழி உட்கொள்ளத்தக்க யூஜினாலின் பன்னாட்டு வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 2.5 மில்லிகிராம். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு இது 150 மில்லிகிராம். அதாவது சில துளிகளே. ஒரு தேக்கரண்டி எண்ணெயை விழுங்கிய குழந்தைக்குக் கல்லீரல் பழுதுற்று உயிராபத்தும் நேரலாம்.

ஆகவே கண்ணாடிப் புட்டியும், எளிதில் திறவாத மூடியும், அளவைத் தமிழில் தெளிவாகக் கூறும் சீட்டும் இத்தொழிலின் பிரிக்க இயலாத அங்கங்களாதல் வேண்டும்.