நீராவிப் போர்க்கப்பலும் தேம்ஸ் நதியும்



காற்று வீசினால் ஓடும், ஓய்ந்தால் நிற்கும். பாய்க்கப்பலின் இயல்பு இதுவே. எத்துணை வலிய கடற்படையும் காற்றின் தயவை நாடியே போர் செய்தது. 19ஆம் நூற்றாண்டில் நீராவி இயந்திரம் இந்நிலையை மாற்றியது. கொதிகலனில் எழும் ஆவி உந்துதண்டைத் தள்ள, அதன் விசையால் அச்சுச் சுழன்று கப்பலைச் செலுத்தியது.

முதலில் வந்தவை பக்கங்களிற் துடுப்புச் சக்கரம் பூட்டிய கப்பல்கள். 1823இல் கல்கத்தாவில் கட்டப்பட்ட ‘டயானா’ என்னும் சிறு நீராவிக்கப்பல், 1824இல் தொடங்கிய பர்மியப் போரில் ஈடுபட்டு, ஐராவதி ஆற்றின் ஓட்டத்தை எதிர்த்து ஏறிச் சென்றது. காற்றுக்குக் காத்திராத கப்பல், அந்நிய ஆட்சி உள்நாட்டினுள் நுழையவும் வழி திறந்தது.

ஆயினும், குண்டு பட்டாற் சக்கரம் உடைந்துவிடும். பீரங்கிகள் நிற்கவேண்டிய இடத்தையும் அது அடைத்துக்கொண்டது. எனவே நீருக்கடியிற் சுழலும் திருகுவிசிறி தோன்றியது. 1845இல் ‘ரட்லர்’ என்ற விசிறிக் கப்பலையும் ‘அலெக்டோ’ என்ற சக்கரக் கப்பலையும் பின்புறமாகப் பிணைத்து, எதிரெதிர்த் திசையில் ஓட்டினர். ரட்லர் மற்றதை இழுத்துக்கொண்டே சென்றது!

1859இல் பிரான்சு, இரும்புக் கவசம் பூண்ட ‘குளோர்’ என்னும் மரக்கப்பலை நீரில் இறக்கியது. அதற்கு விடையாகப் பிரித்தானியக் கடற்படையின் முதல் இரும்புடற் கவசக் கப்பலான ‘வொரியர்’ எழுந்தது. நாம் வாழும் இவ்விலண்டனில், தேம்ஸ் இரும்பு வேலைத்தளத்தில் அது கட்டப்பட்டு, 1860 டிசம்பர் 29ஆம் நாள் நீரில் இறக்கப்பட்டது. அதன் கவசம் 4½ அங்குல இரும்பு. அதன் பின்னே 18 அங்குலத் தேக்கு. நிலக்கரியைச் சேமிக்கப் பாய்களும் இருந்தன. எனினும், எந்தப் போரிலும் சுடாமலே, சில ஆண்டுகளுள் புதிய கப்பல்கள் அதனைப் பின்தள்ளின.

அவ்வேலைத்தளம் 1912இல் மூடப்பட்டது. ஆனால் அதன் தொழிலாளருக்காக 1895இல் அமைந்த உதைபந்தாட்டக் கழகமே, 1900இல் வெஸ்ட் ஹாம் யுனைட்டெட் ஆயிற்று. அதன் சின்னத்திலுள்ள இரு சுத்தியல்களும் கப்பல் கட்டியோரின் கருவிகளே.

ஆதிக்கத்திற்கு உதவிய அதே நீராவியை, 1906இல் தூத்துக்குடியிற் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்டு, கொழும்புக்குக் கப்பல் விட்ட வ.உ.சிதம்பரம்பிள்ளை உரிமைக்குக் கருவியாக்கினார். கருவி ஒன்றே, அதைக் கையாளும் நோக்கமே வேறு.

பெற்றோர்களே! வொரியர் இன்று போட்ஸ்மத் துறைமுகத்தில் நிற்கின்றது. பிள்ளைகளை அழைத்துச் சென்று, இவ்வரலாற்றைத் தமிழிலேயே சொல்லிக் காட்டுங்கள்.

பயிற்சி
1. துடுப்புச் சக்கரத்தின் குறைகள் இரண்டு எவை?
2. நீராவி இருந்தும் வொரியருக்குப் பாய்கள் ஏன் வேண்டப்பட்டன?
3. டயானாவும் சுதேசிக் கப்பல்களும் நோக்கத்தால் எவ்வாறு வேறுபட்டன?