டீகப் நாய்க்குட்டி

அல்சூரிலிருந்து மகளுடன் பொமரேனியன் குட்டி வாங்கப் போனேன். “டீகப் சார், வளரவே வளராது” என்றார் விற்பவர்.

பொமரேனியன் முன்பு பெரிய நாய்தான். 1888-இல் விக்டோரியா மகாராணி இத்தாலியில் சிறிய பொமரேனியனை வாங்கினார். சிறிய நாய்க்கு மோகம் பிறந்தது. ஒவ்வொரு ஈற்றிலும் சிறியதைப் பொறுக்கி, சிறியதோடே இணைசேர்த்தார்கள்; தலைமுறைதோறும் உருவம் சிறுத்தது. ஐ.ஜி.எஃப்.-1 என்னும் வளர்ச்சி மரபணுவின் ஒரு வகை சிறிய நாய்களில் பரவலாக இருப்பது 2007-இல்தான் தெரிந்தது. கண்ணால் பொறுக்கியவர்கள் அதையும் சேர்த்தே பொறுக்கியிருக்கிறார்கள்!

தாடை சுருங்கினாலும் பற்கள் 42தான்; நெருக்கியடித்து முளைக்கும். முழங்கால் சில்லும் எளிதில் நழுவும். “டீகப்” தனி இனமல்ல. நோஞ்சான் குட்டியாகவோ, மிக இளங்குட்டியாகவோ இருக்கலாம். எட்டு வாரம் நிறையாததை விற்கக்கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டு விதி.

“தாயைக் காட்டுங்கள்” என்றேன். காட்டவில்லை. அல்சூர் ஏரி வரை மகள் அழுதுகொண்டே வந்தாள்.