வலைவழித் தொடக்கம்: பழுது எப்பிரிவில்?

வட்டு இல்லாத கணினி, தன் இயக்குமுறையை வலையமைப்பின் வழியே பெற்றுத் தொடங்குவது புதிய செய்தியன்று. அத்தகைய கணினிகளுக்கென்றே 1985இல் பூட்பி என்னும் நெறிமுறை வகுக்கப்பட்டது. அதன் வழித்தோன்றலாக 1993இல் டி.எச்.சி.பி. வந்தது. பயிற்சிக் கூடங்கள் இம்முறையை விரும்புவதற்குக் காரணம் சிக்கனமே. சர்வரிலுள்ள ஒரு பிரதியைத் திருத்தினால் எல்லாக் கணினிகளும் திருந்தும். ஆனால், தொடக்கம் தடைப்பட்டால் கூடம் முழுவதும் முடங்கும்.

புனேயில் ரயில் எஞ்சின் பணிமனை அமைந்துள்ள கோர்படியில் ஒரு தொழிற்பயிற்சிக் கூடம் இருப்பதாகக் கொள்வோம். அலுவலகத்திற்கு ஒரு வலைப்பிரிவு, மாணவர்க்கு மற்றொன்று, நடுவே பயர்வால். முகவரி கேட்டுக் கணினி விடுக்கும் வேண்டுகோள் பொது அறிவிப்பாதலின் தன் பிரிவைத் தாண்டாது. ஆகவே, பயர்வால் ஒவ்வொரு பிரிவிலும் தனி டி.எச்.சி.பி. சர்வராக இயங்குகிறது. தொடக்கச் சர்வரின் முகவரியும் கோப்பின் பெயரும் அலுவலகப் பிரிவில் குறிக்கப்பட்டுள்ளன. மாணவர் பிரிவில் அவ்விடம் வெறுமை. பெட்டி ஒன்றுதானே, ஓரிடத்தில் எழுதியது எங்கும் செல்லும் என்று கருதுவதே பல குழப்பங்களுக்குத் தோற்றுவாய்.

திரையில் தோன்றும் குறியீட்டைப் படித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பழைய பயாஸ் வகைக் கணினிகளில் ‘ஈ51’ எனில் எந்த டி.எச்.சி.பி. விடையும் கிடைக்கவில்லை என்று பொருள். ‘ஈ53’ எனில் முகவரி கிடைத்தது, கோப்பின் பெயர் கிடைக்கவில்லை; மேற்சொன்ன மாணவர் பிரிவின் நிலை இதுவே. ‘ஈ32’ எனில் பெயரும் கிடைத்தது, கோப்புச் சர்வர்தான் மறுமொழி தரவில்லை.

இம்மூன்றாவது நிலையில்தான் பயர்வாலின் விதிகளை ஆராய வேண்டும். கோப்பைக் கொணரும் டி.எப்.டி.பி. நெறிமுறை, கேள்வியை 69ஆம் துறைக்கு அனுப்புகிறது. விடையோ சர்வரின் வேறொரு துறையிலிருந்து வருகிறது. 69ஐ மட்டும் திறந்துவிட்டால் கேள்வி போகும், விடை வாயிலில் நின்றுவிடும். சர்வரிலிருந்து மாணவர் பிரிவுக்கு வரும் விடைக்கும் இடமளிக்க வேண்டும். அல்லது பயர்வாலிலுள்ள டி.எப்.டி.பி. இடையாளை இயக்க வேண்டும்.

கணினியின் வகையும் பார்க்கத்தக்கது. பயாஸ் கணினிக்குரிய கோப்பு யு.இ.எப்.ஐ. கணினியில் ஓடாது. கணினி தன் வகையை 93ஆம் குறிப்பில் தெரிவிக்கிறது. அதற்கேற்ப வெவ்வேறு கோப்புப் பெயர்களைப் பிரிவுதோறும் நிரப்ப வேண்டும். சர்வர் முகவரியை 66ஆம் குறிப்பில் மட்டும் எழுதினால் போதாது. ‘அடுத்த சர்வர்’ என்னும் கட்டத்தை நோக்கும் கணினிகளும் உண்டு.

ஒரே பிரிவில் இரு டி.எச்.சி.பி. சர்வர்கள் மாறுபட விடையளித்தால், இன்று தொடங்கிய கணினி நாளை தொடங்காது. இதனை ஊகத்தால் தீர்க்க முயல்வது வீண். 67, 68 ஆகிய துறைகளின் போக்குவரத்தைப் பதிவு செய்தால், எந்த முகவரியிலிருந்து எவ்விடை வந்தது என்பது வெளிப்படும்.

ஐ.எஸ்.சி. நிறுவனம் தன் பழைய டி.எச்.சி.பி. மென்பொருளின் பராமரிப்பை 2022இல் நிறுத்தியது. அதற்கு மாற்றான கியாவுக்கு மாறும் கூடங்கள், மாறிய அன்றே ஒவ்வொரு பிரிவிலும் ஒரு கணினியையாவது தொடக்கிப் பார்ப்பது நலம்.