தோள்மூட்டு இறுக்கமும் விரதம் காக்கும் மருத்துவமும்

துறைமுகமும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளில் கையுழைப்பால் வாழ்வோர் மிகுதி. தோள் வலித்தால் வேலைக் களைப்பென்று எண்ணித் தைலம் தடவி நாளைக் கடத்துகிறோம். ஆயின், பிறர் தூக்கினாலும் கை மேலெழாது, முதுகுப்புறமும் செல்லாது நின்றால் அது தோள்மூட்டு இறுக்கம் என்னும் தனி நோயாகலாம்.

நோயின் இயல்பு

மூட்டைச் சூழ்ந்த உறை தடித்துச் சுருங்குவதால் இது தோன்றுகிறது. பெரும்பாலும் 40 முதல் 60 வயதிற்குள் வரும், நீரிழிவுடையோர்க்கு மிகுதி. வலி, இறுக்கம், நெகிழ்வு என்னும் மூன்று நிலைகளாக 1 முதல் 3 ஆண்டுகள் வரை நீடிக்கலாம்.

சுசுருதர் இதனையொத்த நோயை ‘அவபாகுகம்’ என்று வாத நோய்களுள் வைத்தார். தோளில் தங்கிய வாதம் அங்குள்ள கட்டுகளை உலர்த்தி, நாளங்களைச் சுருக்குகிறது என்பது அவர் விளக்கம்.

மருத்துவம்

உலர்ந்ததற்கு நெய்ப்பும், சுருங்கியதற்கு வெம்மையும் தருவதே ஆயுர்வேத முறை. வெதுவெதுப்பான தைலப் பூச்சு, ஒற்றடம், மூக்கில் துளியிடும் நசியம், தசமூலக் கஷாயம் ஆகியவை மருத்துவர் மேற்பார்வையில் அளிக்கப்படும். தைலம் மட்டும் போதாது. குனிந்து நின்று கையை ஊசலாட்டுதல், சுவரில் விரல்களால் படிப்படியாக மேலேறுதல் ஆகிய பயிற்சிகளையும் பொறுக்கும் அளவில் நாள்தோறும் செய்தல் வேண்டும். வலிக்கு அஞ்சிக் கையை அசையாது வைத்தால் இறுக்கம் பெருகும்.

நாம் கவனிக்க வேண்டியவை

1. மகாமாஷ தைலம் இருவகைப்படும். ஒன்றில் ஆட்டிறைச்சி சேரும். ‘நிராமிஷம்’ என்பது ஊன் சேராதது. கேட்டு வாங்குக.

2. மருந்தைத் தேனில் குழைத்து உண்ணச் சொன்னால், வேறு அனுபானம் கேட்டுப் பெறுக.

3. தசமூலம் பத்து வேர்களால் ஆனது. வேர் விலக்கும் விரதியர் அதனை முன்னரே மருத்துவரிடம் கூறுக.

4. மாலை மருந்தைக் கதிரவன் மறையுமுன் உண்ணும்படி வேளை வகுத்துக் கொள்க.

விரதத்தைச் சொல்லக் கூசி மருந்தையே கைவிடுதல் தகாது. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சமண ஆசாரியர் உக்ராதித்யர், ஊனும் மதுவும் தேனும் இன்றியே ‘கல்யாணகாரகம்’ என்னும் மருத்துவ நூலை இயற்றினார்; அமோகவர்ஷன் அவையில் ஊன் மருந்தாகாது என்றும் நிறுவினார். அந்நூல் 1940இல் சோலாப்பூரில் அச்சேறியது. அறமும் மருத்துவமும் முரண்பட்டவை அல்ல என்பதற்கு அதுவே சான்று.

எச்சரிக்கை

தோள் வலியுடன் மார்பு வலி, வியர்வை, மூச்சுத் திணறல் காணின் ஒரு நொடியும் தாழ்த்தாது அரசு ஸ்டான்லி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குச் செல்க. இறுக்கம் கண்டோர் இரத்தச் சர்க்கரையைச் சோதித்தறிக. நீரிழிவு மருந்தைத் தாமாக நிறுத்தற்க. உடலே தவத்திற்குக் கருவி. அதனைப் பேணுதலும் நம் கடமையே.