கை இளைத்தால் கதை முடிந்ததா?

"மோட்டார் நியூரான் நோயா? அப்படியென்றால் இரண்டு வருஷம்தான்." மருத்துவச் சீட்டில் இந்தப் பெயரைப் பார்த்ததும் கைப்பேசியில் தேடுகிறோம். இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கின் சக்கர நாற்காலிப் படம் வருகிறது, 'இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள்' என்ற வரியும் வருகிறது. அதோடு வீடு இழவு வீடாகிவிடுகிறது. இந்தப் பத்தியில் நான் முதலில் உடைக்க நினைப்பது இந்த அச்சத்தைத்தான். ஏனென்றால் மோட்டார் நியூரான் நோய் என்பது ஒரே நோய் அல்ல.

உடலை அசைக்கும் கட்டளை இரண்டு நரம்பணுக்களைத் தாண்டித்தான் தசைக்கு வருகிறது. முதல் அணு மூளையில் தொடங்கித் தண்டுவடம் வரை இறங்குகிறது. அங்கிருந்து இரண்டாவது அணு தசைக்குப் போகிறது. கால் விரலை அசைக்கும் அணுவின் இழை இடுப்புப் பக்கத்துத் தண்டுவடத்திலிருந்து பாதம் வரை ஏறக்குறைய 1 மீட்டர் நீளம் ஓடுகிறது. மேலே உள்ள அணு கெட்டால் கைகால் விறைக்கும். கீழே உள்ளது கெட்டால் தசை தொய்ந்து இளைக்கும், தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் துடிக்கும். பாரிஸில் சல்பெட்ரியேர் மருத்துவமனையில் ழான் மார்ட்டின் ஷார்கோ 1869-ல் விவரித்த ஏ.எல்.எஸ். நோயில் இரண்டும் சேர்ந்து கெடுகின்றன. இணையம் பயமுறுத்துவது இந்த ஒன்றை வைத்துத்தான். அதிலும்கூட 10 பேரில் ஒருவர் 10 ஆண்டுகளைத் தாண்டுகிறார். ஹாக்கிங்குக்கு 21 வயதில், 1963-ல் நோய் தெரிந்தது. அவர் 2018 வரை இருந்தார். அவரைப் போல எல்லோரும் இருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன், அது பொய் ஆறுதல். ஆனால் சராசரிக் கணக்கை ஒரு தனி மனிதரின் நாள் குறிப்பாகப் படிப்பதும் தவறுதான்.

நம் ஊரின் பெயரையே தாங்கிய ஒரு மோட்டார் நியூரான் நோய் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1970-ல் சென்னை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி மூவரும் இளவயதினரிடம் தாங்கள் கண்ட ஒரு தனி வகையை எழுதினார்கள். உலக மருத்துவ நூல்களில் அது இன்று 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்றே இருக்கிறது. பெரும்பாலும் தென்னிந்தியர்களிடம், 30 வயதுக்குள் தொடங்குகிறது. கைகால் மெலியும், முகத்தசையும் நாக்கும் பலவீனப்படும், கூடவே காது மந்தமாகும். ஆனால் மெதுவாகத்தான் நகரும். இந்த நோயோடு பல பத்தாண்டுகள் நடமாடி, குடும்பம் நடத்தியவர்கள் இருக்கிறார்கள். இந்தச் சேர்க்கையைக் கவனிக்காமல் 'ஏ.எல்.எஸ்.' என்று எழுதிவிட்டால், வாழ வேண்டிய ஒருவரை உயிலெழுத உட்கார வைத்துவிடுகிறோம். இன்னொரு காரணத்துக்காகவும் காது எப்படி இருக்கிறது என்று விசாரித்தாக வேண்டும். இதை ஒத்த ஒரு மரபணு நோயில் உடலுக்குள் ரைபோஃபிளேவின், அதாவது பி2 வைட்டமின், சரியாகக் கடத்தப்படுவதில்லை. அந்த நோயாளிகளில் பலருக்கு அந்த வைட்டமினை உயர்ந்த அளவில் கொடுத்தால் பலன் தெரிகிறது. மலிவான வைட்டமின் ஒன்று உதவக்கூடிய நோயைத் தேடாமல் விடுவது எவ்வளவு பெரிய இழப்பு!

தேடாமல் விடக்கூடாத இன்னொன்று ஹிராயாமா நோய். ஜப்பானிய மருத்துவர் கெய்சோ ஹிராயாமா 1959-ல் விவரித்தது. பெரும்பாலும் 15 முதல் 25 வயதுப் பையன்களுக்கு ஒரு கையின் முன்கையும் உள்ளங்கைத் தசையும் இளைக்கும், குளிரில் விரல்கள் இன்னும் முடங்கும். கழுத்தை முன்னால் வளைக்கும்போது தண்டுவடத்தின் உறை நகர்ந்து தண்டுவடத்தை அழுத்துவதே காரணம். சில ஆண்டுகள் முற்றிவிட்டுப் பெரும்பாலோருக்குத் தானாகவே நின்றுவிடும். ஆரம்பத்திலேயே தெரிந்தால் கழுத்துப் பட்டை போட்டே முற்றாமல் தடுக்கப் பார்க்கலாம். கழுத்தைக் குனிய வைத்து எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் அழுத்தம் தெளிவாகத் தெரியும். நேராகப் படுக்க வைத்து எடுத்த படத்தில் தப்பிவிடக்கூடும்.

கை இளைப்பதெல்லாம் மோட்டார் நியூரான் நோயும் அல்ல. இளைப்போடு மரத்துப்போவதும் இருந்தால் வேறு திசையில் தேட வேண்டும். மோட்டார் நியூரான் தொடு உணர்வைச் சுமப்பதில்லை. சுண்டுவிரல் மடங்கி, அந்தப் பக்கம் சுட்டாலும் தெரியாமல் இருந்தால் தொழுநோய் நரம்பைத் தாக்கியிருக்கிறதா என்று பார்ப்பது நம் ஊரில் அவசியம். அதற்கு முழுமையான மருந்து இருக்கிறது. கழுத்தெலும்புத் தேய்மானம் தண்டுவடத்தை நெரிப்பதற்கு அறுவை சிகிச்சை இருக்கிறது. கண்ணிமை துடிக்கிறது, கெண்டைக்கால் துடிக்கிறது என்று பயந்து ஓடி வருகிறவர்களுக்கு ஒரே வரி போதும்: பலவீனமோ இளைப்போ இல்லாத துடிப்பு பெரும்பாலும் ஒன்றுமில்லை.

"ஊசி போட்டதால்தான் என் பிள்ளைக்குக் கால் போச்சு." இளம்பிள்ளை வாதம், அதாவது போலியோ, வந்த பிள்ளைகளின் தாய்மார் ஒரு தலைமுறை முழுக்க இதைச் சொன்னார்கள். படிக்காதவர்கள் உளறுகிறார்கள் என்று பலர் தள்ளிவிட்டார்கள். அவர்கள் உளறவில்லை. போலியோ வைரஸ் தண்டுவடத்து மோட்டார் நியூரான்களைக் கொல்கிறது. தொற்று வந்த 200 பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் மீளாத முடக்கம் வருகிறது. ஆனால் வைரஸ் ஏற்கெனவே உடலில் இருக்கும் பிள்ளைக்கு, அதன் காய்ச்சலுக்கென்று தொடையில் ஊசி போட்டால், அந்தக் கால் முடங்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதை மருத்துவ ஆய்வுகள் உறுதி செய்திருக்கின்றன. நோய்க்குக் காரணம் வைரஸ், தேவையற்ற ஊசி அதற்குத் துணை போனது. இந்தியாவில் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்து ஹௌராவில் கண்டறியப்பட்டார். 2014-ல் உலக சுகாதார நிறுவனம் நம் பிராந்தியத்தில் போலியோ ஒழிந்ததாகச் சான்றளித்தது. போன தலைமுறையில் போலியோ வந்து தப்பிய பிள்ளைகள் இன்று ஐம்பதைத் தாண்டி, மறுபடி கால் தளர்கிறது என்கிறார்கள். வைரஸ் திரும்பி வரவில்லை. செத்த அணுக்களின் தசை இழைகளையும் சேர்த்துச் சுமந்த மிச்ச அணுக்கள், இத்தனை வருட உழைப்பில் ஓய்ந்துபோகின்றன. இவர்களை 'இன்னும் வேகமாக நட, பயிற்சி செய்' என்று விரட்டக்கூடாது. களைப்பு வருமுன் நிறுத்தும் அளவான பயிற்சிதான் இவர்களுக்குப் பொருந்தும்.

குழந்தைகளுக்கு வரும் மோட்டார் நியூரான் நோயான எஸ்.எம்.ஏ. பற்றி ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். '16 கோடி ரூபாய் ஊசி' என்று செய்திகளில் அடிபட்ட நோய் இது. இங்கே குற்றவாளிக் கூண்டில் எப்போதும் தாய்தான் நிற்கிறாள். கிரகணத்தில் வெளியே போனாள், பப்பாளி சாப்பிட்டாள், அவள் குலத்துத் தோஷம். இவை எதிலும் உண்மையில்லை. குறையுள்ள மரபணு தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றும் வந்தால்தான் பொதுவாக இந்த நோய் வரும். இருவருமே எந்தக் குறையும் தெரியாத ஆரோக்கியமானவர்களாக இருப்பார்கள். இருவரும் அந்த மரபணுவைச் சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சொந்தத்தில் மணம் முடித்தால் இந்தப் பொருத்தம் நேர வாய்ப்பு கூடும், அன்னியத்தில் கட்டினால் வராது என்பதும் இல்லை.

"மருந்தே இல்லை என்கிறார்கள், அதனால் ஸ்டெம்செல் போட்டுப் பார்க்கிறோம்." ஏ.எல்.எஸ். நோயாளியின் வீட்டில் நிலத்தை விற்க வைக்கும் வாக்கியம் இது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017 வழிகாட்டுதலின்படி, ரத்தம் சார்ந்த சில நோய்கள் போன்றவை தவிர மற்றவற்றுக்கு ஸ்டெம்செல்லை அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே கொடுக்கலாம். அந்த ஆய்வில் சேரும் நோயாளியிடம் பணம் வாங்கக்கூடாது. லட்சங்களில் கட்டணம் கேட்கிறார்கள் என்றாலே எழுந்து வந்துவிடுங்கள்.

ஏ.எல்.எஸ். நோயை நிறுத்தும் மருந்து பெரும்பாலோருக்கு இல்லை என்பது உண்மை. 1995 முதல் புழக்கத்தில் உள்ள ரிலுசோல் சில மாதங்களைத்தான் கூட்டித் தருகிறது. ஆனால் மருந்து இல்லை என்பதால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றாகாது. முகமூடி வழியாக மூச்சுக்குத் துணை செய்யும் கருவியைப் பற்றி இங்கிலாந்தில் நியூகாசில் மருத்துவர்கள் 2006-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தொண்டைத் தசை அதிகம் கெடாதவர்களுக்கு அது ஏறக்குறைய 7 மாதம் ஆயுளைக் கூட்டியது, வாழும் நாட்களின் தரத்தையும் காத்தது. விழுங்க முடியாதபோது வயிற்றில் உணவுக் குழாய் வைப்பதும் உதவும். அதை 'கடைசிக் கட்டம்' என்று நினைத்துத் தள்ளிப்போடுவதால்தான் ஆபத்து கூடுகிறது. மூச்சுத்திறன் பாதியாகக் குறையுமுன் வைத்துவிடுவது நல்லது.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை இவை: மல்லாந்து படுக்க முடியவில்லை என்பது, காலையில் தலைவலியோடு எழுவது, பகலெல்லாம் தூங்கி வழிவது, இருமலில் வலு இல்லாமல் போவது. இவை மூச்சுத் தசை தளர்வதன் முன்னறிகுறிகள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவர் குறித்துக் கொடுத்த அடுத்த தேதி வரை காத்திருக்காமல் உடனே கூட்டிப் போங்கள்.