பெரம்பூரிலிருந்து பாதாளத்துக்கு: கொல்கத்தா மெட்ரோ வண்டிகள்

கொல்கத்தாவில் நாம் தினமும் ஏறி இறங்கும் பாதாள ரயிலுக்கும் நம் சென்னைக்கும் ஓர் உறவு உண்டு. 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடிலிருந்து பவானிப்பூர் வரை 3.4 கிலோமீட்டர் ஓடிய நாட்டின் முதல் மெட்ரோ வண்டியின் பெட்டிகள் பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் உருவானவை. மின்கருவிகள் பெங்களூரிலிருந்து வந்தன.

பாதை அகலம் 1676 மில்லிமீட்டர்; அதாவது நம் சாதாரண அகலப் பாதையேதான். மின்சாரம் மட்டும் தலைக்கு மேலே கம்பியில் இல்லை. தண்டவாளத்தின் பக்கத்தில் ஓடும் மூன்றாவது தண்டவாளத்தில் 750 வோல்ட் நேர்மின்சாரம் வருகிறது. மேலே கம்பி கட்டினால் சுரங்கத்தை அந்த அளவு உயர்த்த வேண்டும், செலவும் உயரும். தண்டவாளப் பள்ளத்தில் எது விழுந்தாலும் நாமாக இறங்கி எடுக்கக் கூடாது என்பது இதனால்தான். குழந்தைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

பழைய வண்டிகளின் பெரிய தொல்லை வெப்பம். நேர்மின் மோட்டாரை ஒரேயடியாக முழு மின்னழுத்தத்தில் கிளப்ப முடியாது. நடுவே மின்தடைகளை வைத்து, வேகம் ஏற ஏற ஒவ்வொன்றாக விலக்குவார்கள். தடையில் வீணாகும் மின்சாரம் முழுவதும் சூடாக மாறும். திறந்த வெளியில் காற்று அதைக் கொண்டுபோய்விடும். சுரங்கத்தில் அது எங்கே போகும்? கதவைச் சாத்திய சமையலறையில் அடுப்பு எரிவது போலத்தான். குளிரூட்டிய காற்றைச் சுரங்கத்துக்குள் செலுத்தியும் மே மாதத்துப் பயணம் எப்படியிருந்தது என்பதை மூத்தவர்கள் அறிவார்கள்.

2010 அக்டோபரில் குளிர்சாதன வண்டிகள் வந்தன. அவையும் பெரம்பூர்ப் பெட்டிகளே. பயணிகள் மகிழ்ந்தார்கள். ஆனால் குளிர்சாதனம் வெப்பத்தை அழிப்பதில்லை. பெட்டிக்குள்ளிருந்து எடுத்துச் சுரங்கத்தில் கொட்டுகிறது. உண்மையான முன்னேற்றம் அதன் பின் வந்த மும்முனை மோட்டார் வண்டிகளில்தான் என்பது என் கருத்து. மின்தடை இல்லை. பிரேக் போடும்போது மோட்டாரே மின்னாக்கியாகி மின்சாரத்தைத் திருப்பித் தருகிறது. அருகில் கிளம்பும் இன்னொரு வண்டி அதை எடுத்துக்கொள்ளும். 2021 அக்டோபர் 24 அன்று, சரியாக 37 ஆண்டுகள் கழித்து, குளிர்சாதனமற்ற வண்டிகளுக்கு விடை கொடுத்தார்கள். சீனாவின் டாலியனில் கட்டிய வண்டி 2019இல் வந்து இறங்கியும் 2023இல்தான் பயணிகளை ஏற்றியது.

கதவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 2019 ஜூலையில் பார்க் ஸ்ட்ரீட் நிலையத்தில் மூடிய கதவில் கை சிக்கி, வண்டி நகர்ந்து, ஒரு பயணி இறந்தார். தானியங்கிக் கதவு ஓரளவு தடிமனான தடையைத்தான் உணரும். விரல், முந்தானை, பையின் வார் போன்ற மெல்லியவை தப்பிவிடலாம். மூடும் கதவில் கை வைத்து நிறுத்தலாம் என்று எண்ணவே வேண்டாம். மின்தூக்கிக் கதவு வேறு, இது வேறு.

2020 பிப்ரவரியில் தொடங்கிய கிழக்கு–மேற்குத் தடத்தில் நடைமேடையிலேயே கதவுகள் உண்டு. வண்டி சரியாக நின்ற பிறகே இரண்டும் சேர்ந்து திறக்கும். அங்கே ஓடுபவை பெங்களூர் பெமல் நிறுவனத்தின் வண்டிகள். பாதை அகலம் 1435 மில்லிமீட்டர். ஆகவே ஒரு தடத்து வண்டி மற்றதில் ஓடாது. அகலப் பாதையிலேயே காலம் கழித்த எனக்கு இதில் சிறு வருத்தந்தான். 2024 மார்ச் முதல் இந்தத் தடம் ஹூக்ளி ஆற்றின் அடியிலும் செல்கிறது. சுமார் 520 மீட்டர் அகல ஆற்றை வண்டி முக்கால் நிமிடத்தில் கடந்துவிடும்.